அரிஷ்டத்தின் மேல் போட்ட பழி

என் தம்பி விமானம் ஓட்டுகிறவன். எலப்புள்ளிப் பக்கத்தில் எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டத் தெரியாத பையன் கிடையாது. விமானம் ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் லீவில் வந்தால், வழியில் பார்க்கிற ஆளெல்லாம் வண்டியை நிறுத்தி, "ஏனுங்க தம்பி, மேகத்துக்குள்ள போறப்ப லைட்டுப் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். அம்மாவுக்கு அந்தப் பெருமை இருந்தால் போதும், சோறுகூட வேண்டாம். அப்படிப்பட்டவன் ஓர் ஆடி மாதம் லீவு முடிந்து கிளம்பிப் போய், போன சூட்டோடு திரும்பி வந்து நின்றான். கிளம்பிப் போன மறுநாள் காலையில், விமானம் ஏறும் முன்னால் ஊதச் சொன்னார்களாம். ஊதினானாம். குடித்திருக்கிறான் என்று மெஷின் காட்டிவிட்டதாம். லைசென்சை நிறுத்தி வைத்து, விசாரணை முடிகிறவரை வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனா? கல்யாண வீட்டில் பீர் பாட்டிலைப் பார்த்தாலே எழுந்து வேறு பந்திக்குப் போகிறவனா?

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் தோப்பில் பாதி மரம் கள்ளுக்கு விட்டது. கிழக்குப் பாலக்காட்டில் அது அதிசயமே இல்லை, தேங்காய் விலை விழுகிற வருஷம் கள்ளுதான் கைகொடுக்கும். காலையும் மாலையும் மரமேறிகள் எங்கள் கிணற்றடி வழியாகத்தான் குடத்தோடு போவார்கள். ஆனால் வீட்டுக்குள் ஒரு சொட்டு வராது. மரத்தை விடுவோம், வாயை விடமாட்டோம் என்று அப்பா சொல்வார். அப்பா போன பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. அதனால்தான் சேதி கேட்டதும் நாங்கள் யாரும் தம்பியைச் சந்தேகப்படவில்லை. மெஷினைத்தான் சந்தேகப்பட்டோம்.

தம்பி காரணத்தோடுதான் வந்திருந்தான். வாசலில் பெட்டியை வைத்தவன் உள்ளேகூட வரவில்லை.

"அம்மா, லீவு முடிஞ்சு போற அன்னிக்கு மத்தியானம் சோத்துக்கு அப்புறம் எனக்கு என்ன குடுத்தீங்க?"

"மருந்துதான் கண்ணு. ஆடி மாசமல்ல, ஒடம்பு தேறட்டும்னு குடுத்தேன்."

"கஷாயம்னு சொல்லித்தானே குடுத்தீங்க? அது அரிஷ்டமாம்மா?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இது புரிய, வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். நாங்கள் ஆடி என்போம், அக்கம்பக்கத்து மலையாளிகள் கர்க்கடகம் என்பார்கள், பெய்கிற மழை ஒன்றுதான். அந்த மாதம் உடம்பைத் தேற்றிக்கொள்ள எண்ணெய் தேய்ப்பதும் மருந்துக் கஞ்சி குடிப்பதும் அவர்கள் வழக்கம். அது எங்கள் வீடுகளிலும் எப்போதோ ஒட்டிக்கொண்டது. அதில் அரிஷ்டமும் ஒன்று. மூலிகையையும் வெல்லத்தையும் சேர்த்து மூடிவைத்து ஊற விடுகிற மருந்து, ஊறும்போது அதில் தானாகவே கொஞ்சம் சாராயம் உண்டாகிவிடும். பிள்ளை பெற்றவளுக்கும் கொடுப்போம், சளி பிடித்த கிழவனுக்கும் கொடுப்போம். அதைக் குடி என்று யாரும் நினைப்பதில்லை.

"நான் கஷாயம்னா சொன்னேன்?" என்று அம்மா தன்னையே கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். "சொல்லியிருப்பேன். சொல்லித்தான் இருப்பேன். அடக் கருமமே, இந்தக் கை வெளங்குமா? பெத்த கையாலயே கெடுத்துப்போட்டனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க? விடுங்கம்மா" என்று தேற்றினான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

சேதி பரவியதும் சொந்தமெல்லாம் வந்துவிட்டது. எல்லாருக்கும் கோபம் விமானக் கம்பெனி மேல்தான். "ரெண்டு கரண்டி அரிஷ்டத்துக்கு உத்தியோகத்துல கை வெப்பாங்களா? நாசமாப் போறவனுங்க!" என்று பெரியப்பா துண்டை உதறினார். எதிர்வீட்டு மலையாளி டீச்சர், "அரிஷ்டத்தினோ? ஈஸ்வரா!" என்று மார்பில் கை வைத்துக்கொண்டார். தம்பி எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். ஆனால் ஒவ்வொரு தடவையும், "அம்மா மேல தப்பில்லீங்க" என்று முடிப்பான். அவன் அப்படிச் சொல்லச் சொல்ல, தப்பு அம்மா மேல் இன்னும் அழுத்தமாக விழுந்தது.

அம்மா வீட்டிலிருந்த மருந்துக் குப்பியையெல்லாம் வாய்க்காலில் கொட்டினாள். முழங்கால் வலிக்குத் தனக்கென்று வைத்திருந்ததும் போயிற்று. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து யாருக்கும் தன் கையால் எதையும் எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். சமைப்பாள், அடுப்படியில் மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். நான் போனால் சுடச்சுடக் காப்பியை ஆற்றிக் கையில் கொடுக்கிற அம்மா, "அங்க இருக்குது, நீயே ஊத்திக்க அம்முணி" என்று திரும்பிக்கொண்டாள். ரேஷன் கடைக்குப் போன இடத்தில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டதற்குக்கூட, பக்கத்தில் நின்றவளைக் கொடுக்கச் சொன்னாளாம். உண்பது பாதியாகக் குறைந்தது. ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவிற்று. இப்படியே போனால் அம்மா தேறமாட்டாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் தம்பி கம்பெனி டாக்டரைப் பற்றிச் சொன்னான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த டாக்டர் அம்மாவிடம் போனில் பேசுவாராம். மருந்து கொடுத்தது உண்மைதானா, மகனுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்பாராம். அம்மா சரியாகச் சொல்லிவிட்டால், தெரியாமல் குடித்த மருந்து என்று எழுதிக்கொள்வார்கள். நிறுத்தி வைத்த காலம் முடிந்ததும் அவன் பழையபடி விமானம் ஏறலாம். இல்லையென்றால் குடிகாரன் என்று பேராகும், குடியை விட வைக்கிற ஆஸ்பத்திரியில் படுத்துத் தேறி வரவேண்டும், அதற்குப் பிறகும் அவர்கள் பறக்கச் சொன்னால்தான் பறக்கலாம். எல்லாம் அம்மாவின் வாயில் இருந்தது.

அவன் அம்மாவை எதிரில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தான். "எத்தனை குடுத்தீங்கன்னு கேப்பாங்க. ரெண்டு கரண்டின்னு சொல்லாதீங்க, அரை டம்ளர்னு சொல்லுங்க."

"அரை டம்ளரா குடுத்தேன்?"

"ஆமாங்கம்மா, மறந்துட்டீங்க."

அம்மா சரி என்று தலையாட்டினாள். ஆனால் அவள் மனசுக்கு அது போதவில்லை. சொந்தத்தில் ஒருத்தி, "கரண்டி மருந்துக்கு யாராச்சு சஸ்பென்ட் பண்ணுவாங்களா, உள்ளுக்குள்ள என்னமோ இருக்குது" என்று கிசுகிசுத்தது அவள் காதுக்கு வந்திருந்தது. அதனால் அதே வெள்ளிக்கிழமை காலையில், போன் வருவதற்கு முன்னால், அம்மன் கோயிலில் சொந்தம் எல்லாவற்றையும் கூட்டி வைத்துச் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணப் போகிறேன் என்றாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. வரப்புத் தகராறு, பாகத் தகராறு எல்லாம்கூட அதோடு அடங்கிப்போகும். பொய்யாக அணைத்தவன் குடும்பம் தழைக்காது என்பது நம்பிக்கை. தம்பி, "அதெல்லாம் எதுக்குங்கம்மா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். அம்மா கேட்கவில்லை.

நான் கஞ்சிக்கோட்டில் ஒரு பாக்டரியில் சேஃப்டி பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் கேட்டிலும் ஊதுகிற மெஷின் உண்டு. சரக்குத் தூக்குகிற வண்டி ஓட்டுகிறவர்கள் ஊதிவிட்டுத்தான் சாவி வாங்க முடியும். சிவப்பு லைட் எரிந்தால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஒருத்தன் இருமல் மருந்து என்பான், ஒருத்தன் ஹோமியோ மாத்திரை என்பான், ஒருத்தன் காலையில் நன்றாகப் பழுத்த பலாச் சுளை தின்றேன் என்று சத்தியம் பண்ணினான். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியுமாம். நான் ஒரு கதையையும் நம்பாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அதே கதையைத் தம்பி சொன்னதும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். உடன்பிறந்த பாசம் மூளையைத் தின்னும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வீட்டில் நான் அவன் யூனிபார்ம் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பெட்டியின் ஓரத்தில் குட்டி டார்ச் அளவுக்கு ஒன்று கிடந்தது. அம்மா பார்த்திருந்தால் காய்ச்சல் பார்க்கிற கருவி என்று நினைத்திருப்பாள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது, ஊதுகிற மெஷின்.

"ஏண்டா, இது உனக்கு எதுக்கு?"

அவன் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "எல்லாப் பைலட்டும் வெச்சிருப்பாங்கக்கா. ஓட்டல்ல ஜூஸ்ல எவனாச்சு கலந்து குடுத்தா நமக்கென்ன தெரியும்? ஒரு பாதுகாப்புக்குத்தான்."

நியாயமாகத்தான் பட்டது. பட்டதோடு நில்லாமல் எனக்கு ஒரு யோசனையும் வந்தது. டாக்டர் வெறும் வாய்ப்பேச்சை நம்புவாரா? அம்மா கொடுத்த அதே மருந்தை, அதே மாதிரி மத்தியானச் சோற்றுக்குப் பின் குடித்து, மறுநாள் காலையில் ஊதிக் காட்டினால்? சேஃப்டி பிரிவில் இத்தனை வருஷம் இருக்கிறவள் சொன்னால் ஒரு மதிப்பு இருக்காதா? தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. நல்ல சேதியாக அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். மெஷினை என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதில் பேட்டரி செத்திருந்தது. டிவி ரிமோட்டில் இருந்ததைக் கழற்றிப் போட்டேன், உயிர் வந்துவிட்டது.

வைத்தியசாலையில் அதே அரிஷ்டத்தை வாங்கி, சோறு தின்றதும் அம்மா கொடுத்ததைப் போல இரண்டு பங்கு குடித்தேன். உடனே ஊதினேன். சிவப்பு! எண் ஜிவ்வென்று ஏறிற்று. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பாருங்க, என்ற தம்பி சொன்னது நெசம்!" என்று வீட்டுக்காரரிடம் குதித்தேன். அவர், "மறுநாள் காலைலதானே அவனை ஊதச் சொன்னாங்க? பொறு" என்றார்.

பாத்திரம் கழுவிவிட்டு வந்து ஊதினேன். பூஜ்யம். மெஷின் கெட்டுவிட்டதோ என்று கொஞ்சம் அரிஷ்டத்தை வாயில் வைத்து மறுபடி ஊதினேன். சிவப்பு. வாய் கொப்பளித்துவிட்டு, மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்து ஊதினேன். பூஜ்யம். மறுநாள் காலையில் எழுந்ததும் ஊதினேன். பூஜ்யம்.

அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அம்மா வீட்டுக்குப் போனேன். தம்பி மோட்டார் ரூமில் தனியாக இருந்தான். மெஷினை அவன் எதிரில் வைத்து, "நானே குடிச்சு ஊதிப் பாத்தேன். ஒண்ணும் காட்டல. சொல்லு" என்றேன்.

முதலில் மெஷின் சரியில்லை என்றான். பிறகு உடம்புக்கு உடம்பு மாறும் என்றான். கடைசியில் கீழே பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு அதுல பேட்டரி தீந்துபோச்சுக்கா" என்றான்.

"என்னது?"

"எப்பவும் கிளம்பறதுக்கு முன்னால ஊதிப் பாப்பேன். காட்டுச்சுன்னா ஒடம்பு சரியில்லைன்னு லீவு சொல்லிருவேன். அன்னிக்கு பேட்டரி இல்ல. கொஞ்சமாத்தான் இருக்கும், தாண்டிரலாம்னு போயிட்டேன்."

அடப்பாவி! பின்னால் நூற்றைம்பது பேரை உட்கார வைத்துக்கொண்டு போகிறவன் பேசுகிற பேச்சா இது? குடித்தது அவனுக்கு வருத்தமில்லை. பேட்டரி தீர்ந்ததுதான் வருத்தம். ஊர் ஊராகத் தங்குகிற வேலை, கண்ட நேரத்தில் படுக்கை, தூக்கம் வருவதற்கு என்று ஓட்டல் அறையில் ஆரம்பித்ததாம். அப்புறம் தூங்குவதற்கும் அது, எழுந்திருப்பதற்கும் அது என்று ஆகிவிட்டதாம். லீவில் வீட்டுக்கு வந்தபோதுகூடப் பெட்டியில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்திருந்தானாம். கேட்கக் கேட்க என் காதையே நம்ப முடியவில்லை.

"ஆனா ஒண்ணுக்கா. இதுவரைக்கும் ப்ளேன் ஓட்டறப்ப நான் ஒரு தப்பும் பண்ணினதில்ல. ஒரு தடவைகூட" என்றான். அதை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

"அம்மாவ எதுக்குடா இழுத்த?"

"அம்மா சொன்னா நம்புவாங்க. அம்மாவுக்கு என்ன நட்டம்? நாலு நாளைக்கு அழுவாங்க, சரியாயிரும். எனக்கு வாழ்க்கையே போயிருமுங்க."

நான் ஓங்கி அறைந்திருப்பேன். என் கை எழவில்லை. அவ்வளவு அதிர்ச்சி.

"இது நோயிங்கக்கா" என்றான். "நான் வேணும்னேவா பண்றேன்? டாக்டருங்களே நோய்ன்னுதான் சொல்றாங்க."

அவன் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் பாக்டரிக்கு வருஷாவருஷம் வகுப்பெடுக்க வருகிற டாக்டரும் அதைத்தான் சொல்வார். குடி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் மனுஷனைப் பிடித்து ஆட்டும், திட்டினால் தீராது, வைத்தியம் வேண்டும் என்பார். நான் அதை நம்புகிறவள்தான். ஆனால் நோய்க்காரன் ஊதிப் பார்த்துக் கணக்குப் போட்டு லீவு சொல்கிறானே, அந்தப் புத்தி யாருடையது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை அம்மா தலையில் வைக்கிறானே, அதுவுமா நோய்?

"குடிக்கணும்னு தோணறது நோயா இருந்துட்டுப் போகட்டும். நோய்க்காரன் டாக்டரத் தேடிப் போவான்டா. நீ அம்மாவத் தேடி வந்திருக்கற" என்றேன்.

அவன் அழுதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் வாய் திறக்காதீங்க, போன் முடியட்டும், அப்புறம் குடியைத் தொட்டால் கேளுங்க, உங்க மேல சத்தியம் என்றான். அழுகிறவன் என் தம்பி, நான் தூக்கி வளர்த்தவன். ஒரு நிமிஷம் மனசு இளகத்தான் செய்தது. வீட்டுக்குள் வந்தேன். அம்மா அடுப்படியில் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "காப்பி இருக்குது, நீயே ஊத்திக்க" என்றாள். நான் ஊற்றிக்கொள்ளவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பளாரென்று என் கன்னத்தில் விழுந்தது. இத்தனை நாள் யாருக்கும் எதற்கும் நீளாத கை.

"பொறாமடி உனக்கு! அவன் ஆகாசத்துல பறக்கறான், நீ கேட்டுல நின்னு கண்டவன் வாய மோந்துட்டிருக்கற. பெத்தவளுக்குத் தெரியாதா எம் பையனப் பத்தி?"

கன்னத்தை விட அந்தச் சொல் எரிந்தது. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது. "சரி, நீங்களே குடிச்சு ஊதிப் பாருங்க. அப்புறம் போய்ச் சூடத்த அணையுங்க" என்றேன்.

"ஊதறேன். காட்டுச்சுன்னா இந்த வாசப்படிய நீ மிதிக்கப்படாது."

"மிதிக்க மாட்டேன்."

வியாழக்கிழமை மத்தியானம் நான் வாங்கிய குப்பியிலிருந்து அம்மா அரை டம்ளர் ஊற்றிக் குடித்தாள். மருந்து என்றால் முகம் சுளிக்காத அம்மா அன்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். என்னிடம் பேசவில்லை. தம்பிக்கு இது எதுவும் தெரியாது. நான் அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்பதே அவனுக்குத் தெரியாது.

ஆடி வெள்ளி விடிந்தது. அம்மா குளித்து, மஞ்சள் சேலை கட்டி, ஈரத்தலையோடு என் முன்னால் வந்து நின்றாள். மெஷினை நீட்டினேன். நாதஸ்வரக்காரர் மாதிரி கன்னம் உப்ப ஊதினாள். பூஜ்யம். மறுபடி ஊதினாள். இன்னொரு தடவை ஊதினாள். மூச்சு வாங்கிற்று.

"அவன் ஊதுனப்ப காட்டுச்சாமா?"

"காட்டுச்சாம்மா. நெறையக் காட்டுச்சாம்."

அம்மா மெஷினை என் கையில் கொடுத்துவிட்டு, ஈரத் தலையை முடிந்துகொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "பூவ எடுத்துக்க, நேரமாச்சு" என்றாள். அவ்வளவுதான்.

கோயிலில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. பூசாரி தீபம் காட்டி முடித்ததும் அம்மா கல்லின் மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். பெரியப்பா, "சொல்லு, அம்மன் பாத்துக்குவா" என்றார். எல்லாரும் அம்மாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா ஓர் அடி ஒதுங்கி நின்று, தம்பியைப் பார்த்தாள்.

"நான் எதுக்குச் சொல்லோணும்? குடிச்சயா இல்லையான்னு உனக்குத்தானே தெரியும். நீ அணைச்சுச் சொல்லு சாமி."

தம்பி திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அணைக்காதே, சும்மாவாவது நில், அணைக்காதே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். சூடம் எரிந்து சின்னதாகிக்கொண்டே வந்தது. அப்படியே எரிந்து தீர்ந்திருந்தால்கூட எனக்குப் போதும்.

பட்டென்று அடித்து அணைத்தான்.

"நான் குடிக்கறவனில்லீங்க. அம்மா குடுத்த மருந்துதான்" என்றான். குரல் பிசிறவில்லை. பயணிகளிடம் வானிலை சொல்கிற அதே குரல்.

"அப்பாடா!" என்றது கூட்டம். கிசுகிசுத்த சொந்தக்காரியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பிள்ளையா, எங்கள் அம்மன் முன்னாலா! அம்மா எதுவும் சொல்லாமல் குங்குமத்தை எடுத்து அவன் நெற்றியில் வைத்துவிட்டு நடந்தாள்.

மத்தியானம் சொன்னபடி போன் வந்தது. தம்பியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் முன்னால் வைத்தான். டாக்டர் மலையாளத்தில் தன்மையாகக் கேட்டார். அன்றைக்கு மகனுக்கு மருந்து கொடுத்தீர்களா, எவ்வளவு கொடுத்தீர்கள்? அம்மாவுக்கு மலையாளம் நன்றாகவே வரும். ஆனால் தமிழிலேயே பேசினாள்.

"குடுத்தது நெசந்தானுங்க. ரெண்டே கரண்டிதான். ஆனா அதனால ஆகலீங்க. நேத்து நானே அரை டம்ளர் குடிச்சு, இன்னிக்கு ஊதிப் பாத்துட்டனுங்க. ஒண்ணுமே காட்டல."

தம்பி போனைப் பிடுங்கக் கை நீட்டினான். அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம் பையன் குடிக்கறானுங்க. காலைல சாமி முன்னால பொய்ச் சத்தியமும் பண்ணிப்போட்டான். அவனைக் கூட்டிட்டுப் போயி வைத்தியம் பண்ணுங்க. அதுவரைக்கும் ப்ளேனைக் குடுக்காதீங்க. அவன் ஓட்டற ப்ளேன்ல பெத்த நானே ஏற மாட்டனுங்க."

அந்தப் பக்கம் டாக்டர், "சரியம்மா" என்று தமிழில் சொல்லி வைத்துவிட்டார்.

"என்னம்மா பண்ணிப்போட்டீங்க! நான் உங்க பையன்!" என்று தம்பி கத்தினான். "என்ற வாழ்க்கையே போச்சு! நீங்களே போயி…" மேஜை மேல் இருந்த செம்பை எடுத்து வாயில் வைக்கப் பார்த்தான். தண்ணீர் வாய்க்குப் போகவில்லை, சட்டையெல்லாம் கொட்டிற்று. செம்பு பல்லில் இடித்துக் கடகடவென்று சத்தம் போட்டது.

அம்மா எழுந்து போய் அவன் கையோடு சேர்த்துச் செம்பைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். குடித்து முடித்த பிறகும் அவன் கையை விடவில்லை. அது அவள் கைக்குள் உதறிக்கொண்டே இருந்ததை நானும் பார்த்தேன்.

"மேல, ப்ளேன்ல இருக்கறப்பவும் இப்படி நடுங்குமா சாமி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"நடுங்குமுங்கம்மா" என்றான்.